‘தெப்பக்குளம் வீடு’ குழுவில் ஒரு தாளப் பெட்டி

கார்த்தி (ஒசாகா): [படம்] பழைய சாமான் கடையில் மாட்டியது! ஏஸ் டோன் ரிதம் ஏஸ், எஃப்ஆர்-1. 1967 மாடல். இன்னும் ஓடுகிறது.

சுமதி அத்தை: ரேடியோவா?

கார்த்தி: தாளப் பெட்டி அத்தை. வால்ட்ஸ், ரம்பா, போசா நோவா என்று 16 தாளம் உள்ளேயே இருக்கிறது. பட்டனை அமுக்கினால் அதுவே வாசிக்கும். அப்போது வீட்டில் ஆர்கன் வாசிப்பவர்கள் துணைக்கு வைத்துக்கொள்வார்களாம்.

ராஜு மாமா: ஆதி தாளம் உண்டா?

விக்கி: மாமா 😂😂

கார்த்தி: இல்லை மாமா. வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை, வேண்டுமானால் ரூபகம் வாசித்துப் பாருங்கள்.

ராஜு மாமா: பாடுகிறவர் கொஞ்சம் இழுத்தால் அது நிற்குமா?

கார்த்தி: நிற்காது. வேகத்துக்கு ஒரு குமிழ் இருக்கிறது, அவ்வளவுதான்.

ராஜு மாமா: அப்போ பக்கவாத்தியம் இல்லை. பாடகர்தான் அதற்குப் பக்கவாத்தியம்.

விக்கி: டேப்பில் பதிந்து வைத்த டிரம்ஸாடா?

கார்த்தி: பதிவே கிடையாது. எந்த அடியில் எது ஒலிக்க வேண்டும் என்பதை டயோடுகளை (மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் சின்ன பாகங்கள்) கட்டம் கட்டமாகக் கோத்துத் தீர்மானித்திருக்கிறார்கள். பாஸ் டிரம் ஒரு சின்ன மின்சுற்று. உசுப்பினால் அதிர்ந்து அடங்கும். சிம்பல் வெறும் இரைச்சல், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி.

சுமதி அத்தை: நான் சொன்னேனே, ரேடியோ என்று.

கார்த்தி: 😂 இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் இரண்டு தாளமும் ஒன்றாகக் கலந்து வரும். எனக்கு அதுதான் பிடித்தது. வடிவமைத்தவர் இகுதாரோ காகேஹாஷி. 1964-இல் ஆர்-1 என்று ஒன்று செய்தார், கையால் தட்ட வேண்டும், விலைபோகவில்லை. அப்புறம்தான் இந்தத் தானியங்கி. 1972-இல் இதே ஒசாகாவில் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கியவரும் அவர்தான்.

விக்கி: 808 டிரம் மெஷின் செய்த ரோலண்டா!

கார்த்தி: அதேதான். அது 1980.

குமார் சித்தப்பா: பொங்கலுக்குக் கொண்டுவருகிறாயா? அங்கே 100 வோல்ட், இங்கே 230. நேரே சொருகிவிடாதே, புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் நான் எடுத்து வைக்கிறேன். கெபாசிட்டர்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன சரக்கு.

கார்த்தி: சரி சித்தப்பா. [ஆடியோ 0:38]

ராஜு மாமா: கேட்டேன். கட்டை தட்டுகிற சத்தம் சுத்தமாக இருக்கிறது. சிம்பல் அதிகம், குறை.

கார்த்தி: தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற வசதி பின்னால் வந்த மாடல்களில்தான் மாமா.

ராஜு மாமா: அப்போ அதையே வாங்கியிருக்கலாமே!