'கிராங்க்கிங்': 'தொடக்கம்' போதாது, 'எழுப்புசுழற்சி' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

கார் எஞ்சினைக் கிளப்ப மோட்டார் அதைச் சுற்றவைப்பதை ஆங்கிலத்தில் 'கிராங்க்கிங்' என்கிறோம். அதற்குத் தமிழில் 'தொடக்கம்' போதும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேட்டரி நன்றாக இருந்தும் கார் கிளம்பாதபோது முதலில் கேட்க வேண்டிய 'எஞ்சின் சுற்றுகிறதா, இல்லையா?' என்ற கேள்வியையே அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

சாவியைத் திருப்பியதும் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. செல்ஃப் மோட்டாரின் (ஸ்டார்ட்டர்) பல்சக்கரம், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பல்லைப் பிடித்து எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றவைக்கிறது. அப்படிச் சுற்றும்போது காற்றும் எரிபொருளும் உள்ளே போய், அழுந்தி, தீப்பற்றினால்தான் எஞ்சின் தானாக ஓடும். முதல் வேலை நடக்காவிட்டால் பழுதை ஒரு பக்கம் தேட வேண்டும், இரண்டாவது நடக்காவிட்டால் வேறு பக்கம். ஒர்க்‌ஷாப்பில் இதைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறார்கள்: 'செல்ஃப் எடுக்கல', 'செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல'. நாம் எழுதும்போதுதான் இரண்டையும் 'தொடங்கவில்லை' என்று ஒன்றாக்கிவிடுகிறோம்.

ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். பேட்டரி முனைகளில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, சில நேரம் 'டக்' என்ற ஒரே சத்தத்தோடு நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான். பேட்டரியின் மைனஸ் முனையை எஞ்சினோடு இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட்டடியில் துரு ஏறியிருக்கலாம். அங்கே 0.01 ஓம் தடை சேர்ந்தாலே, 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் வீணாகிவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரை ஓமில் வைத்துப் பிடிக்க முடியாது. அதனால் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்திலும் அழுத்திக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்க வேண்டும். மோட்டார் எஞ்சினைச் சுற்ற முயலும் அந்தச் சில நொடிகளில் மட்டும் தலைகாட்டும் பழுது இது. அந்த நிலைக்குப் பெயர் இல்லாமல் இந்தச் சோதனையை எப்படித் தமிழில் எழுதுவது?

சரி, வந்திருக்கும் சொற்களைப் பார்ப்போம். 'முடுக்கல்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் இயற்பியல் பாடத்தில் முடுக்கம் வேறு பொருளில் ஊறிவிட்டது. 'தூண்டல்' மின்னியலில் ஏற்கெனவே இருக்கிறது. மோட்டார் பற்றிய பேச்சிலேயே அது வந்து குழப்பும். 'வணரல்' என்று முன்மொழிந்தவரின் உழைப்பை மதிக்கிறேன். வணர் என்றால் வளைவு, சங்கப் பாடல்களில் யாழின் கோட்டுக்கு (தண்டுக்கு) வரும் பழஞ்சொல். ஆனால் 'கிராங்க்' என்ற வளைந்த கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றிய காலம் போய்விட்டது. 1912 காடிலாக் கார்களிலேயே மின் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. இல்லாத கைப்பிடியை வைத்து இன்றைய செயலுக்குப் பெயரிட வேண்டியதில்லை.

என் பரிந்துரை 'எழுப்புசுழற்சி'. வினைத்தொகை என்பதால் நடுவில் 'ச்' வராது. எழுப்புவது வேறு, எழுவது வேறு என்பது தமிழ் பேசும் எவருக்கும் விளங்கும். 'எவ்வளவு எழுப்பியும் எழவில்லை' என்று தினமும் சொல்கிறோமே! வெறும் 'எழுப்பல்' போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சாவியைத் திருப்பியும் சத்தமே வரவில்லை என்றால் அதுவும் எழுப்பல்தான். சுழன்றதா இல்லையா என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'எழுப்புசுழற்சியின்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது.' 'எழுப்புசுழற்சி சீராக இருந்தும் எஞ்சின் பற்றவில்லை என்றால் எரிபொருள் பம்ப், ஸ்பார்க், கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை உணர்வது), இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) என்று போக வேண்டும்.' 'எழுப்புசுழற்சி வழக்கத்தைவிட வேகமாகவும் லேசாகவும் கேட்டால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், மேலும் சுற்றாமல் நிறுத்துங்கள்.' எனக்கு எங்கும் இடறவில்லை.

அப்புறம், ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலனாய்டை 'வரிச்சுருள்' ஆக்க வேண்டாம். வரிச்சுருள் அந்தக் கம்பிச்சுருளை மட்டும்தான் குறிக்கும். 'டக்' என்று கேட்டும் மோட்டார் சுற்றாத வண்டிகளில் சுருள் வேலை செய்துவிட்டது, அதனால்தான் சத்தமே வந்தது. தேய்ந்து கருகியிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள். அந்த மொத்த உறுப்புக்கும் பொருந்தும் சொல் வரும்வரை சோலனாய்டு என்றே எழுதலாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது, எஞ்சின் சுற்றியும் தீப்பற்றாத அந்த இரண்டாவது நிலைக்கான பெயர்ச்சொல். 'பற்றாமை' என்றால் போதாமை என்று படிப்பார்கள், 'எரிபற்றாமை' கொஞ்சம் நீளம். மேலான யோசனை இருந்தால் எழுதுங்கள்.