உங்கள் மூக்குக்கு மட்டும் எட்டாத வாசனை எது? வாசகர்களின் பதில்கள்:

கல்லூரி ஆய்வக வகுப்பு. ஆசிரியர் ஒரு சின்னக் குப்பியைத் திறந்து வரிசையாக முகரச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்தவள் முகர்ந்த வேகத்தில், "சீ, மூத்திர நாத்தம்!" என்று குப்பியை என் கையில் திணித்துவிட்டு எழுந்தே போனாள். நான் கிட்டத்தட்ட மூக்கைக் குப்பிக்குள் விட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கண்ணாடியின் சில்லிப்பு மட்டும் மூக்கு நுனியில் பட்டது. எனக்கு அடுத்தவனோ, "வெனிலா மாதிரி நல்லாத்தானே இருக்கு?" என்கிறான்! எங்கள் மூவரில் யாரோ நடிக்கிறோம் என்று நினைத்தேன். குறிப்பாக அவன்.

உள்ளே இருந்தது ஆண்ட்ரோஸ்டீனோன். மனித வியர்வையிலும் ஆண் பன்றியின் எச்சிலிலும் இருக்கும் சரக்கு. மூக்கில் அதைப் பிடித்து உணரும் புரதமான ஏற்பியைத் தருவது ஓஆர்7டி4 என்ற மரபணு. அந்த ஏற்பியில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தால் மோப்பம் மங்கிவிடுகிறது என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. வேலை செய்யும் மோப்ப மரபணுக்கள் நமக்கு ஏறக்குறைய 400. அதில் ஒன்று படுத்துக்கொண்டதற்கு அன்று முழுக்க என்னைச் "சளிமூக்கன்" என்றார்கள்.

*

எங்கள் வீட்டில் சண்டையே ஒரு சென்ட் பாட்டிலால்தான். என் வீட்டுக்காரருக்கு அது வயலட் பூ. எனக்கு வினிகர் கொட்டிய மாதிரி புளித்த வாடை. "உனக்கு ரசனை பத்தாது" என்று பத்து வருஷமாகக் கேட்டாயிற்று. அப்புறம்தான் பீட்டா அயோனோன் பற்றிப் படித்தேன். வயலட் மணத்துக்குக் காரணமே அதுதான். ஓஆர்5ஏ1 ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் அது பூவாகத் தெரியாதாம். தெரிந்தாலும் புளிப்பாகத்தான் தெரியுமாம். வெற்றிக் களிப்போடு அவரிடம் காட்டினேன். "சரி, ரசனையும் இல்ல, ஜீனும் இல்ல" என்றார்.

*

பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணமும்தானே. அந்தக் குப்பிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

*

சளிமூக்கருக்கு: மனம் தளராதீர்கள். 1989இல் ஆண்ட்ரோஸ்டீனோன் வாடையே தெரியாத 20 பேரை, தினமும் மூன்று வேளை, ஆறு வாரம் அதையே முகர வைத்தார்கள். பத்துப் பேருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

*

மூன்று வேளை, மருந்து மாதிரி, மூத்திர நாற்றத்தையா? நெரிசல் பஸ்ஸில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். என்னை விட்டுவிடுங்கள் சார்.