நீதிமன்றத்தில் கடைசி நேரத்தில் வந்த நிபுணர் அறிக்கை: நீங்கள் பார்த்தது என்ன?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து, புதுச்சேரிக்காரர்:

வாக்காளர் பட்டியலில் இருந்ததால் குலுக்கலில் என் பெயரும் வந்து, கத்திக்குத்துக் கொலை வழக்கு ஒன்றில் ஜூரியாக, அதாவது நீதிபதிகளோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக உட்கார்ந்தேன். நாங்கள் ஆறு பேர், கூடவே மூன்று நீதிபதிகள். ஜூரி கையில் வழக்குக் கட்டைத் தரமாட்டார்கள். கூண்டில் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் நச்சு ஆய்வு நிபுணர் பிரான்சிலிருந்து வீடியோவில் வந்தார். இறந்தவர் இரத்தத்தில் மது மட்டும்தான் என்பது பழைய அறிக்கை. இவர் பேச்சுவாக்கில், “பிறகு செய்த சோதனையில் ஆர்ட்டேனும் தெரிந்தது” என்றார். குற்றம்சாட்டப்பட்டவரின் வக்கீல் அம்மா விருட்டென்று எழுந்துவிட்டார். அப்படியொரு அறிக்கை கட்டிலேயே இல்லை! தலைமை நீதிபதி அதை வரவழைத்து முதலில் வாசித்தது தேதியைத்தான். கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஆர்ட்டேன் பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரை. இங்கே போதைக்கும் விழுங்குகிறார்கள். அளவு மீறினால் புத்தி தடுமாறும், வெறி வரும். “அவன்தான் பாய்ந்து வந்தான்” என்று சொன்ன குற்றம்சாட்டப்பட்டவருக்கு இது சாதகம். ஆனாலும் ஒத்திவைக்கச் சொன்னது அவருடைய வக்கீல்தான். இறந்தவர் எவ்வளவு விழுங்கினார், எப்போது விழுங்கினார் என்று வேறொரு மருத்துவரிடம் கேட்காமல் இந்த நிபுணரை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்றார். ஒரு ராத்திரி அவகாசம் போதும் என்றார் அரசு வக்கீல். எங்கே போதும்? எங்கள் ஆறு பேரில் யாருக்கும் மருந்து மாத்திரை விவரம் தெரியாது. நிபுணர் சொன்னால் தலையாட்டியிருப்போம்.

ஒத்திவைப்பதா என்று முடிவு செய்வது நீதிபதிகள் மட்டும்தான். அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைத்தார்கள். நாங்கள் தீர்ப்பு ஆலோசனைக்கே போகாததால் இவ்வளவும் சொல்ல முடிகிறது. போயிருந்தால் உள்ளே பேசியதை ஆயுசுக்கும் வெளியே சொல்லக் கூடாது. இறந்தவரின் அம்மாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது, மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டுமே.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து, வக்கீல் குமாஸ்தா:

அண்ணே, இங்கே ஜூரி முறையை 1969லேயே எடுத்துவிட்டார்கள். பெரிய வழக்கென்றால் நீதிபதியோடு இரண்டு அசெசர்கள், அதாவது அவருக்குத் துணையாக வழக்கைக் கேட்பவர்கள், உட்காரலாம். 1995ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு போலீஸ் டாக்கெட்டை, அதாவது விசாரணைக் கட்டை, நாங்கள் கேட்டு வாங்க வழி உண்டு. ஆய்வக முடிவு பல சமயம் பிரமாண வாக்குமூலமாக, வெறும் காகிதமாகத்தான் வரும். டாக்கெட் வந்ததும் நான் முதலில் தேடுவது மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிய குறிப்பை. குறிப்பு இருந்து அறிக்கை இல்லையென்றால் அன்றைக்கே கடிதம் போய்விடும். கூண்டில் ஏறி நிபுணர் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தால் வேலைக்காகாது.

ரெயூனியனிலிருந்து இன்னொருவர்:

உங்களுடையது கொலை வழக்கு என்பதால் ஜூரி இருந்தது. 15 முதல் 20 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றங்களை இப்போது பெரும்பாலும் ஐந்து நீதிபதிகளே விசாரிக்கிறார்கள். 2019ல் இந்த முறையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இடங்களில் நம் தீவும் ஒன்று. அப்படி ஒரு வழக்குக்கு என் சித்தி சாட்சியாகப் போனார். கடைசி நேரத்தில் ஒரு மனநல மருத்துவரைக் கூட்டி வந்தார்கள். பெயரை முன்கூட்டியே அறிவிக்கவில்லை என்று எதிர்ப்பு வந்ததும், சத்தியப் பிரமாணம் இல்லாமல் வெறும் தகவலுக்காகக் கேட்டுக்கொண்டார்கள். ஐந்து பேரும் தொழில்முறை நீதிபதிகள், அதற்கு எவ்வளவு எடை தருவதென்று அவர்களுக்குத் தெரியும். ஜூரி முன்னால் இதே போல் நடந்தால் எனக்குச் சந்தேகம்தான்.