லாட்சிங் ரிலேக்கு ஒரு சொல்: 'தாழ்' வேண்டாம், 'நிலைகொள்' வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அதில் ஒரு வகையான லாட்சிங் ரிலேக்குத் தமிழில் 'தாழ் ரிலே' என்று அண்ணன் முன்வைத்த சொல் அழகானதுதான். சின்னச் சொல், கதவுத் தாழ் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது நம் வேலைக்கு ஆகாது என்று நினைக்கிறேன். டர்பனில், சாட்ஸ்வர்த் மண்டபம் ஒன்றுக்காக நாங்கள் கட்டிவரும் ஆடியோ கன்சோலை (ஒலிக் கலவைப் பலகையை) வைத்துக் காரணத்தைச் சொல்கிறேன்.

2007-08இல் தொடங்கிய மின்வெட்டால் 'லோட் ஷெடிங்' என்ற சொல் தென்னாப்பிரிக்காவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இங்கே எந்த ரிலேயைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, கரண்ட் போனால் இது என்ன செய்யும் என்பதே. சாதாரண ரிலே, சுருளில் மின்சாரம் ஓடும்வரை இழுத்துக்கொண்டு நிற்கும். மின்சாரம் நின்றதும் அதிலுள்ள வில் (ஸ்பிரிங்) பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். லாட்சிங் ரிலேக்குள் நிலைக்காந்தம் இருக்கிறது. சில மில்லி விநாடித் துடிப்பு ஒன்று போதும், மாறிய இடத்திலேயே நிற்கும், கரண்ட் போனாலும்.

ஒலியை அடக்கும் மியூட்டுக்கு முதல் வகைதான், அதாவது சாதாரண ரிலேதான் வேண்டும். கரண்ட் இல்லாதபோது அதன் என்.சி. முனை (இயல்பில் மூடியிருக்கும் முனை) வெளியீட்டைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்திருக்கும். கரண்ட் திரும்பி ±15 வோல்ட் சப்ளை சீராகும் முன் ஆப்-ஆம்ப்கள் (ஒலியைப் பெருக்கும் சில்லுகள்) தள்ளும் 'டம்' என்ற அடி ஸ்பீக்கருக்குப் போகாது. இன்செர்ட் (வெளிக் கருவியை ஒலிப்பாதையில் நுழைக்கும் இணைப்பு), ஈக்யூ (ஒலியின் தொனியைத் திருத்துவது) இவற்றை உள்ளே, வெளியே மாற்ற இரண்டாம் வகை நல்லது. மணிக்கணக்காகக் கரண்ட் இழுக்காது, சூடாகாது.

இனி தாழ். டிஜிட்டல் லாஜிக்கிலும் 'லாட்ச்' உண்டு. பட்டனை ஒருமுறை தட்டியதை நினைவில் வைப்பது எங்கள் பலகையில் 4013 ஃபிளிப்-ஃபிளாப் என்ற சில்லு. கரண்ட் போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்பி வரும்போது எந்த நிலையில் விழிக்கும் என்று சொல்ல முடியாது. ரீசெட் காலில் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போட்டு நாம்தான் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். ரிலேயோ போட்ட இடத்திலேயே நிற்கிறது. பட்டன் விளக்கு அணைந்திருக்க, இன்செர்ட் மட்டும் உள்ளே இருக்கும். இதைத் தவிர்க்க, கன்சோல் எழும்போதே லாட்சிங் ரிலே ஒவ்வொன்றுக்கும் ரீசெட் துடிப்பு அனுப்பியாக வேண்டும். மறப்பதற்கும் மறக்காததற்கும் 'தாழ்' என்று ஒரே பெயர் வைத்தால், வயரிங் செய்பவர் கோட்டை விடும் இடம் இதுதான்.

ஆகவே 'தாழ்' லாஜிக் லாட்சோடு நிற்கட்டும். ரிலேக்கு ஜோடியாக இரண்டு: லாட்சிங் வகைக்கு நிலைகொள் ரிலே, சாதாரண வகைக்கு மீள் ரிலே. 'புயல் நிலைகொண்டுள்ளது' என்று வானிலை அறிக்கையில் கேட்டவருக்கு முதலாவது புரியும். பள்ளியில் மீள்தன்மை படித்தவருக்கு இரண்டாவது வில்லையே நினைவூட்டும். இங்கே பிள்ளைகள் பலருக்கு வீட்டில் பேச்சு ஆங்கிலம், தமிழ் வகுப்பில் வந்த மொழி. தெரிந்த வேரிலிருந்து வந்த சொல்தான் அவர்கள் வாயில் நிற்கும். ரிலேயை 'அஞ்சல்' ஆக்குவதும் வேண்டாம், தபால்தான் வந்து நிற்கும்.

அப்புறம், சுருள்கள். நிலைகொள் ரிலேயின் இரட்டைச் சுருள் வகையில் ஒன்று செட், மற்றது ரீசெட். சுருள்களை இயக்கும் யு.எல்.என். 2803 சில்லு ஒன்றில் எட்டு வெளியீடுகள், ஆக ஒரு சில்லுக்கு நான்கு நிலைகொள் ரிலேதான். கம்பிக் கொத்தில் எது எது என்று குறிக்க இடு சுருள், விடு சுருள் எனலாம். லேபிளில் 'இ', 'வி' போதும். ஒற்றைச் சுருள் வகைக்கு மட்டும் இவை பொருந்தவில்லை. அங்கே ஒரே சுருளில் மின்சாரத்தின் திசையைத் திருப்பித்தான் விடுவிக்கிறோம். அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.