கெண்டை கையை விட்டு நழுவுது, போட்டோ எடுக்க வழி சொல்லுங்க

தூண்டில்ல மாட்டுற கெண்டையை ஒரு போட்டோ எடுத்துட்டு தண்ணியிலயே விட்டுடுறது என் வழக்கம். நேத்து சிக்கினது ஆறு கிலோ இருக்கும். நின்னுக்கிட்டே தூக்கினேன் (தப்புதான், திட்டாதீங்க). வாலை ஒரு சுழட்டு சுழட்டி, நழுவித் தரையில விழுந்துடுச்சு. ரெண்டு செதில் பெயர்ந்ததைப் பார்த்ததும் மனசே சரியில்லை.

கையை நனைச்சுட்டுத்தான் தொடுறேன், மேல இருக்கற வழவழப்புதானே அதுக்குக் காப்பு. செவுள்ல விரல் விடுறதும் இல்லை. இனிமே முழங்கால் போட்டு, மீனைக் கிடத்த தரையில விரிக்கிற நனைச்ச மெத்தைக்கு மேலயே தாழ்வாப் பிடிக்கலாம்னு இருக்கேன். ஒரு கை முன்துடுப்புக்கு அடியில சரி, இன்னொரு கை வால் பக்கம் எங்க இருக்கணும்? திமிறினா நெஞ்சோட அணைக்கலாமா, உடனே மெத்தையில இறக்கிடணுமா? முதுகுத் துடுப்போட ரம்ப முள் வேற வலையில சிக்கிக்குது, அதை எப்படி எடுக்கறீங்க?

தனியாத்தான் போறேன், டைமர் வச்சுத்தான் படம்.