யாரிடமும் கேட்காமல் எடுக்க ஒரு பெட்டி: நெல்லை மாணவர் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து, கல்லூரி ஆசிரியை:

நான் படித்த காலத்தில் எங்கள் விடுதியில் நாப்கின் இலவசம்தான். ஆனால் வார்டன் அறைக்குப் போய், நீள நோட்டில் பெயர், அறை எண், தேதி, எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் என்றைக்கு வாங்கினாள் என்பதை அடுத்து வருகிறவள் வாசிக்கலாம். "இப்பதான வாங்குன, அதுக்குள்ள என்னட்டி?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், அந்தப் பிள்ளை மறுபடி அந்தப் படி ஏறாது.

இப்போது நான் வேலை பார்க்கும் கல்லூரியில் எச்ஐவி விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கம் என் பொறுப்பில் இருக்கிறது. முக்கூடல் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி மாதாமாதம் இரண்டு மூன்று நாள் வகுப்புக்கு வரமாட்டாள். அம்மா பீடி சுற்றுகிறார். கூப்பிட்டு விசாரித்தேன். காலையில் பஸ் ஏறும்போது வைத்த நாப்கினைச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் மாற்றுகிறாள். தொடை இடுக்கில் தோல் உரிந்து நடக்கவே சிரமப்பட்டாள். "ஸ்கூல்ல படிக்கும்போது குடுத்தாவ மேடம். இப்ப வயசு தாண்டிட்டுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாவ" என்றாள்.

அவள் சொன்னது, தமிழக அரசு இலவசமாக நாப்கின் தரும் புதுயுகம் திட்டம். 10 முதல் 19 வயது வரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. ஆக ஒரு மாதவிலக்குக்கு 9 வருகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று மாற்றினாலே நாளைக்கு 4, ஐந்து நாளைக்கு 20 வேண்டும். பாதிகூட இல்லை, அதுவும் டிகிரி முடிப்பதற்குள் வயது தாண்டி நின்றுவிடுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே என்பார்கள். வருகிறது, பெரிய உதவிதான். ஆனால் பல வீடுகளில் அது மளிகைக்கும் தம்பி பீஸுக்கும் போய்விடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சரி என்று, மாணவிகள் கழிப்பறை ஜன்னல் திண்டில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தோம். நோட்டு கிடையாது, கேள்வி கிடையாது. முதலில் வைத்தது மறுநாளே காலி. "பாத்தீயளா, அள்ளிட்டுப் போயிட்டாளுவ" என்றார்கள். அள்ளிக்கொண்டு போனவள் வீட்டில் அக்காவும் தங்கச்சியும் இருப்பார்கள் என்று மறுபடி நிரப்பினோம். நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு எடுப்பது தானாகவே நிதானத்துக்கு வந்துவிட்டது. அதே கழிப்பறைச் சுவரில் காசு போடும் நாப்கின் மெஷின் ஒன்றும் இருக்கிறது, துருப்பிடித்து.

அபிஷேகப்பட்டியிலிருந்து, முதுகலை மாணவர்:

அக்கா, பையன்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மருந்துக்கடையில் ஆணுறை கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி எடுத்துத் தராமல் "நீ யாரு மவன்ப்பா?" என்றார். அப்படியே திரும்பிவிட்டேன். அரசு மருத்துவமனையில் நிரோத் ஆணுறை காசில்லாமல் கிடைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு பயத்தில், எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். வீட்டுக்குத் தகவல் போய்விடும் என்று நண்பர்கள் மிரட்டி வைத்திருந்தார்கள். அங்கே இருந்த ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, பரிசோதனைக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டார். முடிவை என் கையில்தான் கொடுத்தார். சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறதாம். தொற்று உடனே தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். 1097 என்ற இலவச எச்ஐவி உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அவர் பேசிய தன்மைக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

தென்காசிப் பக்கமிருந்து, பெயர் வேண்டாம்:

என் தோழிக்கு அவசரக் கருத்தடை மாத்திரை தேவைப்பட்டது. உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடை கடையாக ஏறி இறங்கினோம். "அதெல்லாம் வைக்கிறதில்லம்மா" என்பதுதான் பதில். ஒரு கடையில் அவள் கழுத்தைப் பார்த்தார்கள், தாலி இருக்கிறதா என்று. அவள் அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. கடைசியில் ஒரு அரசு டாக்டர் அம்மா எதுவும் கேட்காமல் கொடுத்தார். கர்ப்பம் பார்க்கும் 'நிச்சய்' கிட்டும் அரசுத் திட்டத்தில் இலவசம் என்று அவர்தான் சொன்னார். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் சட்டப்படி கருக்கலைப்பு உரிமை உண்டு, விவரம் ரகசியமாக இருக்க வேண்டும். இது தெரியாமல் கண்ட மாத்திரையை வாங்கிப் போட்டு ரத்தப்போக்கில் கிடந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து இதை விடுதிகளில் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்துப் பெண், இப்போது ஸ்காட்லாந்தில் படிக்கிறேன்:

இங்கே நூலகக் கழிப்பறையில் ஒரு கூடை நிறைய நாப்கினும், மாதவிலக்கின்போது உள்ளே வைக்கும் டாம்பானும் இருக்கும். வந்த புதிதில் யாராவது மறந்து வைத்துவிட்டார்களோ என்று தொடவே இல்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 2022 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் இலவசமாக வைத்தே ஆக வேண்டும். எடுக்கிறவர் யார் என்று எழுதுவார் இல்லை. மாணவர் சங்கத்தில் ஆணுறையும் அப்படித்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும்:

தென்காசித் தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்காட்லாந்து மாதிரி சட்டம் வருகிறபோது வரட்டும். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் சுவிதா நாப்கின் ஒன்று 1 ரூபாய். 300 பேர் இருக்கும் விடுதிக்கு ஆளுக்கு 20 வைத்தால் மாதம் 6000 ரூபாய். ஒரு ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் காசில் எத்தனையோ மாதம் ஓட்டலாம்.

பெட்டி வைக்கிறவர்கள் மூடி போட்ட குப்பைக்கூடையும் சேர்த்து வையுங்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் நாப்கின் மாற்றவே மாட்டார்கள். ஆணுறைப் பெட்டியை ஆண்கள் கழிப்பறையில் மட்டும் வைக்க வேண்டாம், பெண்கள் பக்கமும் வையுங்கள். நம்பிக்கை மையம் திறந்திருக்கும் நேரத்தையும் 1097ஐயும் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள், வெளிப்புறம் நின்று வாசிக்க யாரும் துணியமாட்டார்கள். உங்கள் விடுதியில் சாமான் வாங்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், கடிதம் நான் தயார் பண்ணித் தருகிறேன்.