வருடக்கணக்காக ஒரே விஷயம்: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் தீராத ஆர்வம் பற்றி உங்கள் அனுபவம் என்ன?

சிலந்திக்காரியின் அம்மா

நேரே விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்குப் போனதில்லை. நன்றாகப் பேச வந்த நாளிலிருந்தே சிலந்திதான். இன்றுவரை விடவில்லை. இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

போன மாதம் ஒரு உறவினர் வந்திருந்தார். மகள் தன் நோட்டை எடுத்து வந்து, வலை பின்னும் வரிசையை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரே ஒரு இழையைக் காற்றில் விட்டு எதிலாவது ஒட்டவைக்கும், அப்புறம் நடுவிலிருந்து ஆரங்கள் போடும், அவை ஒட்டாது, கடைசியில் சுற்றிச் சுற்றிப் போடும் சுருள் இழைதான் ஒட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆரத்துக்கு ஒரு நிறம், சுருளுக்கு வேறு நிறம். அடுத்த பக்கத்தைப் புரட்டப் போகும்போது அவர், "அதெல்லாம் சரி, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்" என்றார். சொன்னாள், தப்பில்லாமல். "கெட்டிக்காரி" என்று தலையைத் தட்டிவிட்டு என்னிடம் பேச ஆரம்பித்தார்.

அவள் விரல் அந்தப் பக்கத்தின் இடுக்கிலேயே இருந்தது. அவள் ஆசையாகச் சொல்ல வைத்திருந்தது அடுத்த பக்கத்தில்தான்: பழைய வலையைத் தானே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னும் சிலந்திகளைப் பற்றி.

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குக் கணக்கு வருமா என்ற கவலை அவருக்கு. ஆனால் அந்த விரல் என் கண்ணைவிட்டு அகலமாட்டேன் என்கிறது. உங்கள் பிள்ளையின் ஆர்வத்தை வெளியாள் ஒருவர் எதிர்கொண்ட தருணம் இருந்தால் எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

வளையக்கோள் அப்பா

எங்களுக்கு நல்லது நடந்தது. பையனுக்குப் பதினொரு வயது. சனிக்கோள்கூட இல்லை, அதன் துணைக்கோள்கள்.

நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதுல 62ன்னு போட்டிருக்கு. இப்ப 274" என்றான். நூலகர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "இவ்வளவு நாளாக் கண்ணுல படாதது இப்ப எப்படிப் பட்டுச்சு?"

பையன் ஒரு துண்டுத்தாளில் வரைந்து காட்டினான். மணிக்கணக்கில் படங்கள் எடுப்பார்கள். சனி நகர்ந்த அளவுக்கு ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டுப்போகும், சனியோடு சேர்ந்து நகரும் மங்கலான துணைக்கோள் மட்டும் புள்ளியாகத் தெளியும். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்தது என்றும் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "வளையத்துல இருக்கிற பனிக்கட்டியும் சனியைத்தானே சுத்துது? எவ்வளவு சின்னது வரைக்கும் துணைக்கோள்னு சொல்வாங்க?" என்றார்.

பையன் வாயைத் திறந்து மூடினான். "தெரியலையே" என்றான். அந்த ஒரு வார்த்தையை அவன் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் தேடி, அப்படி ஒரு எல்லையை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை என்று கண்டுபிடித்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய புதையல்.

பதிலைச் சோதிக்கும் கேள்வி வேறு, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி வேறு. பிள்ளைகளுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

என் பெரியவனுக்கு டைனோசர். ஒருமுறை மருத்துவர் ஊசி போடும்போது, "டி-ரெக்ஸ் இப்ப ஜுராசிக் காலத்துக்குப் போகுது" என்று பேச்சுக் கொடுத்தார். ஊசியோடு இவன், "அது கிரெட்டேசியஸ்" என்று அழுதுகொண்டே திருத்தினான். அதுதான் என் கதை.

ஆனால் முதலில் எழுதிய அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உறவினர் கேட்டதில் முழுத் தப்பு இல்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எல்லாம் கொஞ்சமாவது வர வேண்டும். ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் கவனம் வைக்காமல் கல்லூரி உதவித்தொகையை இழந்தார் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. அதனால் ஆர்வத்தையே வாசலாக வைத்து மற்ற பாடங்களை உள்ளே கொண்டுவாருங்கள். சிலந்தி என்றால் வலையின் ஆரங்களுக்கு இடையில் உள்ள கோணத்தை அளக்கச் சொல்லலாம், வடிவியல் வந்துவிடும். எட்டுக் கால், இருபது சிலந்தி என்று பெருக்கல். எந்தச் சிலந்தி எந்தக் கண்டத்தில் என்று உலக வரைபடத்தில் குறிக்கலாம். பட்டுநூலையும் சிலந்தி இழையையும் ஒப்பிட்டால் வேதியியல், இரண்டும் புரதம்தான். வாரம் ஒரு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னால் மொழிப்பாடமும் ஆயிற்று. தேதி போட்டுக் கோப்பில் சேர்த்துவையுங்கள், யாராவது என்ன படிக்கிறாள் என்று கேட்டால் எடுத்து நீட்டலாம். நாள் தவறாமல் ஒரு நேரம் ஒதுக்குவதும் முக்கியம். இல்லாவிட்டால் ஆர்வம் ஆர்வமாகவே நின்றுவிடும்.

ரயில்தடம்

மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆர்வம் ஆர்வமாகவே நின்றால் என்ன குறை?

எங்கள் பையன் ரயில் தடங்களை வரைவான். தடம் பிரியும் இடம், சிக்னல், எந்த வண்டி எங்கே காத்திருக்கும் என்று பக்கம் பக்கமாக. கணக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்து நிஜமாகவே மகிழ்ந்து, ஒரு அட்டை தயார் செய்தார். ஒவ்வொரு தடத்துக்கும் தூரம், நேரம் எழுதினால் ஒரு நட்சத்திரம். முதலில் போட்டி போட்டுக்கொண்டு எழுதினான். ஒருநாள் அட்டை தீர்ந்துபோனது. பையன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: "ஸ்டார் இல்லைன்னா இன்னைக்கு வரைய வேண்டாம்தானே?"

எத்தனை வருடமாக யாரும் சொல்லாமல் வரைந்த பிள்ளை!

லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973இல் இதைத்தான் ஓர் ஆய்வில் காட்டினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர்களில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாங்களாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பரிசைவிட, பரிசுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம்தான் கெடுக்கிறது.

ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். உதவித்தொகை போனது உண்மை. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இருந்த தேற்றங்களும் அதே மூழ்கலில் இருந்து வந்தவைதானே? பாதிக் கதையைச் சொல்லி ஒரு தாயைப் பயமுறுத்த வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

பயமுறுத்தவில்லை. நட்சத்திரம் கொடுக்கச் சொல்லவும் இல்லை. கோணம் அளப்பதும் லஞ்சம் கொடுப்பதும் ஒன்றாகிவிடுமா? பிள்ளைக்கே பிடித்தால் செய்யட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும்.

எறும்புப்புற்று

சண்டை வேண்டாம். எனக்கு வேறொரு விஷயம் உறுத்துகிறது.

மகளுக்கு எட்டு வயது, எறும்பு. ராணி எறும்பு கலவிப் பறப்புக்குப் பிறகு தன் சிறகைத் தானே உதிர்த்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பூங்காவில் பிள்ளைகள் கூட்டத்தில் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொருவராக ஊஞ்சலுக்கு ஓடிவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு பொடிப்பயல் மட்டும் குந்தி உட்கார்ந்து, "அப்புறம் அந்தச் சிறகு எங்க போகும்?" என்றான். இருவரும் மண்ணில் சிறகு தேடினார்கள். நான் நிம்மதியாக மூச்சுவிட்ட அந்த நேரம் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி, "ஒரே விஷயத்தையே பேசுறாளே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வளையக்கோள் அப்பா

எறும்புப்புற்றுக்கு: எங்களிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளின் தீவிர ஆர்வங்களைப் பற்றி 2007இல் வந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒன்று இருந்தது தெரியவந்தது. வண்டி, டைனோசர், பந்து என்று எதுவும் இருக்கலாம். ஆர்வம் தீவிரமாக இருப்பது மட்டுமே எதற்கும் அறிகுறி ஆகாது. பேச்சு, பழக்கம், தூக்கம் இவற்றில் உங்களுக்கே தனியாகக் கவலை இருந்தால் கேட்டுப்பாருங்கள், அதில் தயக்கம் வேண்டாம். அப்போதும் எறும்பு எறும்பாகவே இருக்கட்டும், அதைப் பிடுங்கச் சொல்ல யாருக்கும் காரணமில்லை.

முன்னாள் வீட்டுப்பிள்ளை

பெற்றோர்களே எழுதுகிறீர்கள், நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன். பத்து வயதிலிருந்து பதினேழுவரை கடிகாரம். பழுதுபார்க்கும் ஒரு பெரியவரின் மேசையருகே போய் நிற்பேன். நாலைந்து தடவை ஒன்றும் பேசவில்லை அவர். பிறகு ஒருநாள் கண்ணில் வைக்கும் லென்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "மூச்சு படாமப் பாரு" என்றார்.

உள்ளே பேலன்ஸ் சக்கரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. முடியளவு மெல்லிய சுருள்வில் விரிந்து சுருங்கியது. நொடிக்கு எட்டுத் துடிப்பு என்று படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். எண்ண முயன்று தோற்றுப்போனேன். "எண்ண வராது, காதால கேளு" என்றார். அவ்வளவுதான் அவர் பாடம் நடத்தியது.

இன்று என் தொழில் வேறு. கடிகாரம் பக்கம் போவதே அபூர்வம். வீட்டில் யாரும் அந்த வருடங்கள் வீண் என்று சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. ஒரு சின்னப் பொருளின் முன்னால் பொறுமையாக உட்கார அங்கேதான் கற்றேன்.

எறும்பு வைத்திருக்கும் அம்மா, மகளுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு எறும்பைத்தான் அருகில் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் லென்ஸை எறும்பின்மேல் பிடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள், அப்படிப் பார்த்தால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.